நீங்கள் வேண்டாம் என்ற விமானப் பாதை

அக்காவுக்கு,

போன சனிக்கிழமை சவுத்தால் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காற்று விமான நிலையப் பக்கமிருந்து வீசியது போலும். ஜிலேபிக் கடை எண்ணெய் வாசனையோடு விமான எரிபொருளின் வாசனையும் கலந்து வந்தது. மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தவுடன் வருமே, அந்த வாசனை. தலைக்குமேல் ஒரு பெரிய விமானம் சக்கரங்களை இறக்கியபடி தாழப் போயிற்று. பக்கத்தில் நின்ற பஞ்சாபி அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். நான் கையில் கத்தரிக்காயோடு அண்ணாந்து, வாலில் என்ன நிறம் என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, "இது எந்த ஒப்பந்தத்துல வருது அக்கா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அழவில்லை, பயப்படாதீர்கள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு. மற்றதெல்லாம் கொஞ்சம் நேரம் கழித்து, பாத்திரம் கழுவும்போது வரும்.

நாம் இருவரும் லண்டனில் அத்தனை வருடம் என்ன வேலை பார்த்தோம் என்று என் பிள்ளைகளைக் கேட்டால் இன்றும் விழிப்பார்கள். "அம்மா ஏதோ விமானக் கம்பெனியில இருந்தாங்க" என்பார்கள். ஒரு முறை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, ஒரு பெரியவர் உங்களிடம் இதே கேள்வியைக் கேட்டார். நான் சட்டம் படித்தவள்; ஹாங்காங், இறையாண்மை, இருதரப்பு உடன்படிக்கை என்று ஆரம்பித்தேன். அவர் கண் செருகியது. நீங்கள் என்னைக் கையமர்த்தினீர்கள்.

"ஐயா, யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு ஒரு பஸ் போகுது. அது வவுனியாவில நிண்டு ஆள் ஏத்தலாமோ, கூடாதோ? கிழமைக்கு எத்தினை தரம் ஓடலாம்? இதைத்தான் பிளேனுக்கு நாங்கள் கதைக்கிறம். இப்ப ஹொங்கொங் வெள்ளைக்காரன்ர பேர்மிட்டில ஓடுது. தொண்ணூற்றேழில வெள்ளைக்காரன் வெளிக்கிட்டிடுவான். அவன்ர பேர்மிட்டும் அவனோட போயிடும். அதுக்கு முதல் ஒவ்வொரு நாட்டோடயும் ஹொங்கொங்கின்ர பேரிலயே புதுப் பேர்மிட் எடுக்கவேணும். எடுக்காட்டி அண்டைக்குப் பிளேன் நிலத்தில நிக்கும்."

பெரியவர் தலையை ஆட்டினார். "அப்ப அந்த ஊர்ச் சனத்தைக் கேட்டவையே, ஊரைக் கை மாத்தச் சொல்லி?" என்றார்.

"எங்க கேட்டவை? கேட்டிருந்தாலும் ஒருக்காத்தான் கேட்டிருப்பினம்" என்றீர்கள். அந்த ‘ஒருக்கா’வுக்கு நான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியவர் எதற்கென்று தெரியாமல் பாயசத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அந்தச் சிரிப்புக்குக் காரணமான கதையைத்தான் இன்று எழுதிப் பார்க்க ஆசையாயிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் நீங்கள் சொல்லும்போது உங்கள் பங்கை எப்போதும் குறைத்துச் சொல்வீர்கள். என் பக்கத்தையும் ஒரு முறை கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில், ஹாங்காங்குக்காக லண்டனில் இயங்கிய நம் சின்ன அலுவலகத்தில் நான் சேர்ந்தேன். நீங்கள் எனக்கு நான்கைந்து வயது மூத்தவர். பேச்சுவார்த்தைப் பிரிவில் உங்களுக்கு இரண்டாம் நாற்காலி. ஒப்பந்த வாசகம் எழுதுவது என் வேலை. முதல் நாளே, "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டீர்கள். நான் திருச்சிக்காரி. எங்கள் ஊரில் ‘நீர்’ என்றால் மேடை நாடகத்தில் மந்திரியை ராஜா கூப்பிடுவது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அதற்காக நீங்கள் என்னைப் பல வருடம் பகிடி பண்ணினீர்கள்.

இரண்டாம் நாற்காலி என்பது என்னவென்று வெளியாருக்குத் தெரியாது. எதிர்த் தரப்பு எதை விட்டுக்கொடுக்கும், எதை விடாது என்று கணித்துக் குறிப்பு எழுதித் தலைவரின் முழங்கைக்குக் கீழே நகர்த்துவது. அவர் அதைப் படித்துத் தன் யோசனைபோலச் சொல்வார். ஹாங்காங்கிலிருந்து வந்த தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முழங்கைகள் மாறின, நீங்கள் மாறவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அப்படி. வாய் திறந்து நீங்கள் அந்த மேசையில் பேசியது, "சன்னலைத் திறக்கலாமா?" என்பது மட்டும்தான். உங்களுக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதைப் பற்றிப் பேசமாட்டீர்கள், நான் விடமாட்டேன். "ஒரு நாள் நீங்கதான் அக்கா நடுவுல உக்காருவீங்க" என்பேன். "நடுவில இருந்தா கால் நீட்ட ஏலாது" என்பீர்கள்.

அந்த நாளும் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு இலையுதிர் காலம். ஐரோப்பாவின் ஒரு நாட்டோடு மூன்றாம் சுற்றுப் பேச்சு, லண்டனில். முந்தைய இரண்டு சுற்றும் ஒரே விஷயத்தில் முட்டி நின்றிருந்தன. ஹாங்காங் விமானம் அவர்கள் தலைநகரில் இறங்கி, அங்கே பயணிகளை ஏற்றிக்கொண்டு, இன்னொரு நகரத்துக்குப் போகலாமா? உங்கள் வவுனியா பஸ் கேள்விதான். அந்த உரிமை கிடைக்காவிட்டால் அந்தப் பாதையில் விமானம் விடுவது கட்டுப்படியாகாது. அது இல்லாமல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடவேண்டாம் என்று ஹாங்காங்கிலிருந்து உத்தரவு. முடிந்த ஒப்பந்தத்தை, ஹாங்காங்கை ஒப்படைக்கும் இங்கிலாந்தும் வாங்கிக்கொள்ளும் சீனாவும் சேர்ந்த கூட்டுக் குழு பார்த்துச் சரி சொல்லவேண்டும். அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போகவில்லையென்றால் பிறகு எப்போது என்று யாருக்கும் தெரியாது. தொண்ணூற்றேழு வாசலில் நின்றது.

ஹாங்காங்கிலிருந்து வந்த எங்கள் குழுத் தலைவர் விமானத்தைவிட்டு இறங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். குடல்வால் அழற்சி, நேரே அறுவைச் சிகிச்சை. அவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்து தொலைபேசியில் உங்களைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: அவரே நடத்தட்டும், பத்து வருடமாக அவர்தானே நடத்துகிறார். எங்கள் அலுவலகத் தலைவர், அந்த ஆங்கிலேயக் கனவான், அதை உங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. "இது சரியாக வந்தால் உங்களுக்கு நல்லது" என்றார். சரியாக வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுபடி முழங்கைக்குக் கீழே, ஓய்வு பெறும்வரை.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. நீங்கள் நீலச் சேலை, மேலே கறுப்புக் கோட். எதிர்த் தரப்புத் தலைவர் நெட்டையான, பதவிசான மனிதர். ஊற்றுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். வாரத்துக்கு எத்தனை சேவை என்பதை அவரிடமிருந்து பேசிப் பேசி வாங்கினீர்கள். என் அம்மா திருச்சிச் சந்தையில் முருங்கைக்காய் வாங்குவதுபோல, பாதி விலையில் ஆரம்பித்து, இரண்டு முறை எழுந்துபோவதுபோலப் பாவனை செய்து.

இரண்டாம் நாள் காலை. அவர்கள் அன்று மாலையே ஊர் திரும்பவேண்டும். அந்த நெட்டை மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முகம் மலர்ந்து, இரண்டு கையையும் விரித்து, விருந்தாளிக்குப் பலகாரத் தட்டை நீட்டுவதுபோல, "எங்கள் தலைநகரிலிருந்து பயணிகளை ஏற்றும் அந்த உரிமையை உங்களுக்கு மகிழ்ச்சியோடு கொடுக்க விரும்புகிறோம்" என்றார்.

நீங்களும் முகம் மலர்ந்தீர்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, நல்ல ஆங்கிலத்தில், "ஐயோ, உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்? இருக்கட்டும், பரவாயில்லை" என்றீர்கள்.

வேடிக்கை என்னவென்றால் எனக்கும் அது தவறாகப் படவில்லை. நம் வீடுகளில் யாராவது காப்பி வேண்டுமா என்று கேட்டால், தொண்டை வறண்டு செத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதானே மரியாதை? அவர்கள் மறுபடி கேட்பார்கள், நாம் மறுபடி வேண்டாம் என்போம், மூன்றாவது தடவை, "சரி, இவ்வளவு சொல்றீங்க, அரை டம்ளர்" என்போம். பத்து வருடம் வாய் மூடி இருந்தவருக்கு, முதன்முதலில் ஒருவர் நேரே பார்த்து இவ்வளவு அன்பாக ஒன்றை நீட்டியதும், உள்ளே இருந்த வளர்ப்பு முந்திக்கொண்டது. நானும் பேனாவைப் பிடித்தபடி, அவர் அடுத்த முறை கேட்பார் என்று சாவகாசமாகக் காத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. புருவத்தை உயர்த்தினார். பேனாவின் மூடியை எடுத்து மூடினார். "அப்படியானால் அதை விலக்கிக்கொள்கிறோம்" என்றார். அவர் பக்கத்து ஆள் அதைப் பதிவு செய்தார். தேநீர் இடைவேளை அறிவித்தார்கள்.

பெண்கள் கழிப்பறையில் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றீர்கள்.

"நான் என்ன சொல்லிப்போட்டன் எண்டு தெரியுமே உமக்கு?"

"தெரியும்க்கா."

"ரெண்டு வருசமா இதுக்குத்தானே தலைகீழா நிண்டனாங்கள். கொண்டுவந்து கையில தந்தவர். வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்! ஆரும் வீட்டில தேத்தண்ணி தந்தது மாதிரி!"

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக்கூடாத நேரம், தெரியும். எனக்குப் பயமும் சிரிப்பும் ஒரே வாசல் வழியாகத்தான் வரும்.

"நீர் ஏன் பல்லைக் காட்டுறீர்? நாளைக்கு என்னைத் திருப்பி மூலையில இருத்துவினம். அதுகூடப் பரவாயில்லை. ஒரு தமிழ்ப் பொம்பிளையை நடுவில இருத்தினம், குழப்பிப்போட்டாள் எண்டு சொல்லுவினம். பிறகு உம்மையும் இருத்தமாட்டினம், உமக்குப் பிறகு வாற பிள்ளையளையும் இருத்தமாட்டினம்."

அப்போதுதான் சிரிப்பு நின்றது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தால், அலுவலகத் தலைவர் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "அது ஒரு உத்தியா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். பெரிய திட்டம் ஏதோ இருக்கிறது, தனக்குத்தான் புரியவில்லை என்று பாவம் நம்பினார். நீங்கள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தீர்கள். நான் முந்திக்கொண்டு, "இன்னும் முடியவில்லை ஐயா, முதல் கட்டம்தான் ஆகியிருக்கிறது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, நம் கணக்கில்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "முதல் கட்டம்" என்று உதடு அசைந்தது. பிறகு விறுவிறுவென்று கோட் மாட்டும் இடத்துக்குப் போய் உங்கள் பலகார டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

ஒவ்வொரு சுற்றின் கடைசி நாளும் நீங்கள் ஹரோ வீட்டில் காலையிலேயே ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வருவது வழக்கம். உள்ளே ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மிளகும் வைத்துச் சுருட்டியது. மெட்ரோபொலிட்டன் ரயில் பெட்டி முழுக்க மணக்கும். பேப்பர் படிக்கும் கனவான்கள் பேப்பரைத் தாழ்த்தி ஒரு தரம் பார்ப்பார்கள். அந்த டப்பாவோடு நேரே நெட்டை மனிதரிடம் போனீர்கள். நான் பின்னாலேயே.

"ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள்.

"நன்றி, வேண்டாம். இப்போதுதான் பிஸ்கட் சாப்பிட்டேன்."

நீங்கள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு ரோல்ஸை எடுத்து அவர் தட்டில் வைத்தீர்கள். அவர் திகைத்துப் போனார்.

"எங்கள் ஊரில் முதல் வேண்டாம் கணக்கில் இல்லை" என்றீர்கள். "கேட்டவுடன் வாங்கிக்கொண்டால் பேராசைக்காரி என்பார்கள். ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டால், கேட்டவருக்குக் கொடுக்க மனமில்லை என்பார்கள். மூன்று முறை கேட்கவேண்டும். மூன்றாவது முறை வேண்டாம் என்றால்தான் வேண்டாம்."

அவர் ரோல்ஸைக் கடித்தார். காரம் ஏறிக் கண் கலங்கியது. மென்று விழுங்கிவிட்டு உங்களைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகப் புலர்ந்தது.

"மேடம், இன்று காலை நான் எத்தனை முறை கேட்டேன்?"

"ஒரே ஒரு முறை."

அந்த மனிதர் போட்ட சிரிப்பில் அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவருடைய பாட்டி ஊரிலும் இதே கதைதானாம். விருந்துக்குப் போனால் இரண்டாவது கேட்புக்கு முன்னால் கரண்டியைத் தொட்டால் அம்மா மேசைக்கடியில் கிள்ளுவாராம். அவர் கடைசியாக அதைக் கேட்டு நாற்பது வருடம் ஆகிறதாம். இன்னொரு ரோல்ஸையும் அவரே எடுத்துக்கொண்டார்.

கூட்டம் மறுபடி கூடியது. அவர் பேனா மூடியைத் திறந்தார். பதிவு செய்பவரைப் பார்த்து, "நான் ஒன்றைச் சரியான முறையில் கேட்கத் தவறிவிட்டேன்" என்றார். "இரண்டாம் முறையாகக் கேட்கிறேன். அந்த உரிமையை எடுத்துக்கொள்வீர்களா?"

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். உங்கள் தலை பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சாய்வு தெரியும் அக்கா! மேசைக்கடியில் உங்கள் காலை ஓங்கி மிதித்தேன்.

"ஓம்" என்றீர்கள், சத்தமாக. ஆங்கில ‘யெஸ்’ அதற்குப் பிறகுதான் வந்தது.

மாலையில் இரு தரப்புத் தலைவர்களும் ஒப்பந்த வாசகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டீர்கள். நடுவில் நீங்கள். கால் நீட்ட முடியவில்லைதான். நான் மிதித்த கால் வேறு வலித்தது. அலுவலகத் தலைவர் உங்களிடம் வந்து, மறுத்துவிட்டு வாங்கும் அந்த உத்தி மிகத் துணிச்சலானது, தனக்கு அது வந்திருக்காது என்றார். நீங்கள் நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினீர்கள். அதற்குப் பிறகு வந்த சுற்றுகளுக்கெல்லாம் நீங்கள்தான் தலைவர். இரண்டாம் நாற்காலியில் என்னை இருத்தினீர்கள், மிதிப்பதற்கு ஆள் வேண்டுமென்று.

வீட்டுக்குப் போகும் ரயிலில் மட்டும் ஒரு தரம் உங்கள் குரல் மாறியது. "ஆர் ஆற்றையோ ஊருக்கெல்லாம் பிளேன் விடுறன். என்ர அம்மாவைப் பாக்கப் போக எனக்கொரு பாதை இல்லை" என்றீர்கள். அப்போது அங்கே போர்; யாழ்ப்பாணத்துக்கு வழியெல்லாம் அடைத்திருந்தது. வெம்ப்ளியில் கூட்டம் ஏறியது. டப்பாவில் மிச்சமிருந்த ஒரு ரோல்ஸைப் பாதியாக்கி எனக்கொன்று தந்தீர்கள்.

தொண்ணூற்றேழு ஜூன் கடைசி நாள். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே மாலை ஐந்து மணி. அலுவலகத்தில் எல்லோரும் தொலைக்காட்சியைச் சுற்றி நின்றார்கள். அங்கே மழை, கொடி, வாத்தியம். நீங்கள் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. சன்னலோரம் நின்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

"இப்ப ஹொங்கொங் பிளேன் ஒண்டு எங்கயோ மேல நிக்குது. வெள்ளைக்காரன்ர காலத்தில வெளிக்கிட்டது, சீனாக்காரன்ர காலத்தில இறங்கப்போகுது. உள்ளுக்கு இருக்கிற சனம் என்ன செய்யுது எண்டு நினைக்கிறீர்?"

"தூங்கும். இல்லாட்டி சாப்பாடு எப்ப வரும்னு பாக்கும்."

ஐந்து அடித்தது. தொலைக்காட்சிப் பக்கம் ஒரே ஆரவாரம். நீங்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஏதோ விழும் என்பதுபோல.

"ஒண்டும் நடக்கேல்லை" என்றீர்கள். பிறகு சின்னப் பிள்ளைபோல என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். "பாத்தீரே? ஒண்டுமே நடக்கேல்லை!"

ஒரு வேலையை முடித்துவிட்டு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது இந்தக் கடைசிப் பகுதி. இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அங்கே இருந்தீர்கள். எழுதுவது எனக்காக.

மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்தார்கள். உங்கள் மகன் கனடாவிலிருந்து மறுநாள்தான் வருவதாக இருந்தது. நீங்கள் மெலிந்து, போர்வைக்குள் இருப்பதே தெரியாமல் இருந்தீர்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, "நான் இங்கயே இருக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். உமக்கேன் கரைச்சல்? குளிர் வேற, வீட்ட போம்."

"இருக்கேனேக்கா."

"வேண்டாம் எண்டெல்லோ சொல்லுறன்."

தாதி திரையை இழுக்க வந்தார். நான் மூன்றாவது முறை வாயெடுத்தேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, போதும் என்பதுபோல என் பக்கம் நீட்டினீர்கள்.

"காணும், கேட்டது. இரும்."

முப்பது வருடத்தில் நீங்கள் என்னிடம் மூன்றாவது கேட்புக்கு முன்னால் வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். கைப்பையைக் கீழே வைத்தேன். இப்போதும் யாராவது என்னிடம் வேண்டாம் என்றால் நான் கிளம்புவதில்லை அக்கா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.